பழைய கவுனைக் கொடுக்கவும் வாங்கவும் ஒரு முறை இருக்கிறது

தேனி மாவட்டம் கூடலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பலகையில் 'ஜாக்கெட், சுடிதார் தைக்கப்படும்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை போட்டு முடித்த உடுப்பை இன்னொரு பிள்ளைக்குச் சரிசெய்து தரும் வேலை வராத வாரம் கிடையாது. கம்பத்திலிருந்து ஒரு பை மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு ஏறும். வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒரு பை இறங்கும். இரண்டும் என் கடையில் ஒரு நாள் தங்கிவிட்டுத்தான் போகும். பையோடு வருகிற பேச்சையும் கேட்டுக்கொண்டேதான் மெஷினை மிதிக்கிறேன்.

பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளில் 75ஐத் தொட்டுவிடுகிறது. எடுத்த துணி சாயம் மங்குவதற்கு முன்பே அக்குளில் பிடிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே துணி கைமாறுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கைமாறும் விதத்தில்தான் மனத்தாங்கல் வருகிறது. அதுவும் அன்றைக்கே வராது. பல வருடம் கழித்து யாராவது வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வரும்.

யாருக்குக் கொடுக்கலாம்

கொடுப்பதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக் குழந்தை போட்ட சட்டையை வாங்கி உங்கள் குழந்தைக்குப் போடுவீர்களா? போடுவேன் என்றால் தாராளமாகக் கொடுங்கள். மனம் கொஞ்சம் தயங்கினாலும் கொடுக்காதீர்கள். உதவித்தான் ஆக வேண்டும் என்றால் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழந்துணி நம் பக்கத்தில் வெறும் துணியாக இருந்ததில்லை. யார் கொடுப்பது, யார் கைநீட்டுவது, வாசலில் எந்த இடத்தில் நின்று வாங்குவது என்பதையெல்லாம் சாதி தீர்மானித்த காலம் வெகுதூரத்தில் இல்லை. எப்போதும் ஒரே வீட்டிலிருந்து ஒரே வீட்டுக்கு மட்டும் போகும் பழந்துணியில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது.

என் கடைக்கு வருகிற ஆசிரியை ஒருவர், ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தன் மகளின் கவுன்களைக் கொடுத்துவந்தார். அந்தப் பெண்ணும் வாங்கிக்கொள்வாள். ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வரமாட்டாள். பிறகு ஒரு முறை ஆசிரியையின் மகளைப் பள்ளியில் மூணாறுக்கு அழைத்துப்போனார்கள். மலைக்குப் போகாமல் கீழேயே இருக்கிறவர்கள் வீட்டில் நல்ல ஸ்வெட்டர் ஏது? நேரே அந்தப் பெண்ணிடம் போய், "உன் மகன் போட்ட ஸ்வெட்டர் இருந்தால் கொடு, இவளுக்குச் சரியாக இருக்கும்" என்று வாங்கி வந்து, கையை மட்டும் சுருக்கித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இப்போது அந்தப் பெண் ஆசிரியை வீட்டு அடுப்படி வரை போகிறாள். கொடுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு.

வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுப்பதானால் இன்னொன்றையும் பாருங்கள். தீபாவளி, பொங்கல், ஓணம் ஆகியவற்றை ஒட்டிப் பழையதைக் கொடுக்கவே கூடாது. மலையில் ஓணத்துக்குப் புத்தாடை கொடுப்பது வழக்கம். அந்த வாரத்தில் பழைய பையை நீட்டினால், உனக்கு இது போதும் என்று சொன்னதாகத்தான் ஆகும். பண்டிகைப் பணத்துக்குப் பதிலாகப் பழைய துணி கொடுப்பது சம்பளத்தில் கைவைப்பதுதான், அதை எப்படிச் சொன்னாலும்.

எப்படிக் கேட்பது

பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முன்கூட்டிக் கேளுங்கள். குழந்தையின் அம்மாவிடமே கேளுங்கள். மாமியாரிடம் கேட்டு, அவர் சரி என்று சொல்லி, மருமகள் வாயை மூடிக்கொண்டு வாங்கிய பைகள் என் கடைக்கு நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் இருந்த துணிகள் பெரும்பாலும் கரித்துணியாகத்தான் போயின. நாலு பேர் இருக்கும் இடத்திலும் கேட்கக் கூடாது. போன் இருக்கிறதே.

சொல்லும்போது, மறுப்பதற்கு ஒரு வழியை நீங்களே திறந்து வைத்துவிட வேண்டும். "மதினி, பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள் கொஞ்சம் இருக்கின்றன. உங்களுக்கு ஆகும் என்றால் எடுத்து வைக்கிறேன். இல்லையென்றால் சொல்லுங்கள், இன்னொருவரும் கேட்டிருக்கிறார்." அந்த இன்னொருவர் உண்மையில் இருக்கவேண்டும் என்று அவசியம் இல்லை. இருப்பதாகச் சொன்னால்தான் வேண்டாம் என்று சொல்பவர் நிம்மதியாகச் சொல்வார்.

"உங்கள் நிலைமை தெரியும்", "வீணாகப் போகிறதே என்றுதான்", "தூக்கிப் போட மனசில்லை" ஆகிய மூன்றையும் சொல்லாதீர்கள். மூன்றாவது பேச்சு நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் கேட்பவருக்கு, தூக்கிப் போட வேண்டியதைத்தான் தருகிறார் என்று கேட்கும்.

குமுளியில் என் நாத்தனார் குடியிருக்கும் வீட்டு வரிசையில் மலையாளக் குடும்பங்கள்தான் அதிகம். பக்கத்து வீட்டுச் சேச்சி சட்டையை விரித்துப் பிடித்து, "மோளுக்கு இது பாகமாகுமோ?" என்று கேட்பார், மகளுக்கு இது அளவாக இருக்குமா என்று அர்த்தம். பாகமானால் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் இல்லை. சுற்றிவளைப்பு கிடையாது. எங்கள் நாத்தனார் முதலில் இதைக் கண்டு மிரண்டுபோய், தமிழ் முறைப்படி இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறைக்காகக் காத்திருந்தார். மூன்றாம் முறை கேட்க யாரும் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுக்கல் வாங்கல் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வேண்டும் என்றால் முதல் முறையே சொல்லிவிடுங்கள்.

பையில் எதை வைப்பது

பழைய துணிக்குப் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் தருகிறேன் என்று தெருவில் கூவி வருவார்களே, அவருக்குப் போட வேண்டியதைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு விதியிலேயே நின்றுவிடும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது கேரளத்து முகாம்களில் கிழிந்ததும் கறைபட்டதுமாகப் பழந்துணி மலையாகக் குவிந்து, பழையதை அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. எல்லாம் இழந்து நிற்பவருக்கு எதுவும் ஆகும் என்று நினைத்து அனுப்பியதுதான். ஒருவருக்கும் ஆகவில்லை.

நான் துணியைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். ஜன்னலருகே வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பேன். பின்பக்கமும் முழங்காலும் சல்லடையாகத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் புதியதை மாற்றிவிட்டுக் கொடுங்கள், அது பெரிய வேலையே இல்லை. பொத்தானைப் பல்லில் கடித்து இழுப்பது போல விரலால் இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் குழந்தை கட்டாயம் கடிக்கும். தளர்ந்த பொத்தானும், உதிரும் ஜிகினாவும், உள்பக்கம் எங்கேயோ மறந்துபோன ஊக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. தலைமூடி வைத்த ஸ்வெட்டரின் கழுத்தில் ஓடும் நாடாவை உருவிவிடுங்கள். ஊஞ்சலிலோ கதவுக் கைப்பிடியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

கறையில் எங்கள் ஊருக்கென்று ஒன்று உண்டு: வாழைக்கறை. தோப்புக்குள் விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள் சட்டையில் பழுப்பாகத் தெறித்திருக்கும். அது போகாது. போக்குகிறேன் என்று பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் துணிதான் போகும். வாழைக்கறை பட்டதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது படம் எடுத்து அனுப்பும்போது கறையையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள். தெரிந்து வாங்குவது வேறு, வீட்டில் போய்ப் பிரித்துப் பார்த்து முகம் வாடுவது வேறு.

உள்ளாடைகளைக் கொடுக்கக் கூடாது. கூடப்பிறந்தவள் பிள்ளைக்கானாலும் சரிதான். ஜட்டி புதிதாக ஒரு டஜன் வாங்கிப் பைக்குள் மேலாக வைத்துக் கொடுத்தால் அந்தப் பைக்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

வயதை எழுதாமல் அளவை எழுதுங்கள். ஒரு கம்பெனியின் 'இரண்டு வயது' இன்னொரு கம்பெனியின் நாலு வயதாக இருக்கிறது. மார்பளவும் தோளிலிருந்து நீளமும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சொருகினால் வாங்குகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொடுங்கள். இஸ்திரி போட்டால் நல்லது, போடாவிட்டாலும் குற்றமில்லை. வீட்டில் யாருக்காவது சிரங்கு வந்திருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். சிரங்குப் பூச்சி உடம்பை விட்டுப் பிரிந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. துணியைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டு, வெந்நீரில் துவைத்துக் காயவைத்த பிறகு அனுப்பலாம்.

அந்துருண்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பரண்பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பல வருடம் வைத்திருந்த கைக்குழந்தைத் துணியை அப்படியே எடுத்துக் கொடுக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாப்தலீன் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடலாம். குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. நெடி ஏறிய துணியைப் பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பதே சரி. எடுத்துவைக்கும்போதே வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுங்கள்.

பிறந்த குழந்தைக்கு

இங்கே கணக்கு தலைகீழ். மற்ற வயதில் பழையது என்றால் தயங்குகிற வீடுகள்கூட, பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் சுற்றும். தாத்தாவின் பழைய வேட்டி, பாட்டியின் நைந்த நூல்சேலை. நீண்ட ஆயுளோடு இருந்தவர் துணி, அந்த ஆயுள் ஒட்டட்டும் என்பார்கள். துவைத்துத் துவைத்துக் கஞ்சிப்பசையும் சாயமும் போன துணி அந்தத் தோலுக்கு உறுத்தாது என்பது எனக்குத் தெரிந்த காரணம். முதல் சில குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததற்கு அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய துணியைப் போடுவதும், பிச்சை என்று பெயர் வைப்பதும் எங்கள் பக்கம் இருந்த வழக்கம். அப்படி யாராவது வந்து கேட்டால் ஏன் என்று விசாரிக்காமல், உள்ளதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுங்கள்.

ஆனால் பிரசவத்துக்கு முன்னால் கொடுக்காதீர்கள். வளைகாப்புக்கு வந்த இடத்தில் ஜப்லாப் பையை நீட்டுகிறார்கள். வாங்கும் பெண்ணின் அம்மா முகம் கறுத்துவிடுகிறது. பிள்ளை பிறக்குமுன் துணி சேர்க்கக் கூடாது என்று நினைக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வயிற்றுப்பிள்ளைக்காரியின் வீட்டில் போய் என் பகுத்தறிவைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பிறந்ததும் போன் வரும். அன்றைக்கு அனுப்பினால் போதும்.

அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்த வீட்டுக்குப் பையன் சட்டையைக் கொடுத்து, "இந்த ராசியில் அடுத்தது சிங்கக்குட்டி" என்று சொல்லும் கிழவிகள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைப் பேசுபவர் கையால் எதையும் வாங்காதீர்கள். வேறு என்ன சொல்ல?

தவறிப்போன குழந்தையின் துணியைப் பற்றி ஒரே வார்த்தை. பெற்றவள் தானாக எடுத்துத் தரும்வரை யாரும் அந்தப் பெட்டியைத் தொடவேண்டாம். அவள் கொடுத்தால், வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

கடனா, கொடையா

என் கடையில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் பட்டுப்பாவாடையால் வந்தவை. ஓரகத்திகள் இருவர். மூத்தவள் தன் மகளின் பட்டுப்பாவாடையை இளையவளுக்குக் கொடுத்தாள். இளையவள் அதை என்னிடம் கொண்டுவந்து, அடியில் கொடுத்திருந்த டக்கைப் பிரித்து நீளமாக்கி, சட்டையின் பக்கவாட்டில் துணி சேர்த்துப் பெரிதாக்கி வாங்கிப்போனாள். இரண்டு வருடம் கழித்து மூத்தவளுக்கு இன்னொரு பெண் பிறந்தது. "அந்தப் பாவாடையைக் கொடு" என்றாள். "கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா?" என்றாள் இளையவள். இருவரும் என் கடைக்கே வந்து, நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நின்றார்கள். நான் நூலைக் கோத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பட்டுத்துணியில் பிளேடு வைப்பதற்கு முன், "இது திரும்பிப் போக வேண்டியதா?" என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் கொடுக்கும்போதே சொல்லுங்கள். "போட்டுவிட்டுத் தா, அடுத்ததற்கு வேண்டும்" என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. சொல்லாமல் கொடுத்தால் அது போனதுதான். பிறகு கேட்கக் கூடாது. தாய்மாமன் சீரில் வந்தது, காதுகுத்துக்கு எடுத்தது, முதல் பிறந்தநாள் உடுப்பு ஆகியவற்றைப் பையில் வைக்கவே வைக்காதீர்கள். எடுத்துக் கொடுத்தவர் கண்ணில் வேறு பிள்ளை மேல் பட்டால், விளக்கம் சொல்லி மாளாது.

டக் பிரித்த பாவாடையில் பழைய மடிப்பு இருந்த இடம் கோடாக நிற்கும். மற்ற இடம் வெளுத்திருக்க அந்தக் கோடு மட்டும் முதல்நாள் நிறத்தில் இருக்கும். அதன்மேல் மெல்லிய ஜரிகை லேஸ் ஓட்டிவிட்டால் புதிதாக வடிவம் வைத்தது போலவே இருக்கும். வாங்கிய பாவாடையில் இதைச் செய்துகொண்டால் பிள்ளைக்கும் அது தன் பாவாடையாகிவிடும்.

வாங்குகிறவருக்கு

கொடுத்தவர் எதிரில் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக ஆராயாதீர்கள். மேலாக ஒன்றை எடுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும். வீட்டில் போய்ப் பிரித்து, ஒரு முறை துவைத்த பிறகு போடுங்கள். ஆகாததை என்ன செய்யலாம் என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்: "மிச்சத்தை என் தங்கச்சி பிள்ளைக்குக் கொடுக்கலாமா, அக்கா?" கேட்காமல் கைமாற்றினால் எல்லைக்கு அந்தப்புறம் போனாலும் செய்தி வந்துவிடும்.

பையை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். பாத்திரத்துக்கு உள்ள வழக்கம்தான் இதற்கும். கொல்லை முருங்கைக்காய் நாலு, ஒரு கை கறிவேப்பிலை போதும். மலையிலிருந்து வரும் பையில் எனக்கு மிளகோ ஏலக்காயோ கொஞ்சம் இருக்கும். இங்கிருந்து போவதில் பன்னீர் திராட்சை இருக்கும். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதை அனுப்பும்போது எங்களுக்கும் கொஞ்சம் தலை நிமிர்கிறது. விலைபோட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பழைய கவுன் வாங்கிவிட்டுப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்தால், கொடுத்தவர் அடுத்த முறை தரவே பயப்படுவார்.

வேண்டாம் என்றால் குழந்தை மேல் பழியைப் போடலாம். "பயல் இப்போது டவுசரே போடமாட்டேன் என்கிறான்." யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

பிள்ளைகள் காதுபட

வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தக் கவுன் நாங்கள் கொடுத்ததுதானே? இவளுக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்று ஒருவர் உரக்கச் சொன்னதைக் கேட்டேன். பாராட்டித்தான் சொன்னார். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் கவுனின் முன்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போய்விட்டது. ராட்டினத்தில் ஏறவே இல்லை. உங்கள் வீட்டுத் துணியை வேறு பிள்ளை மேல் பார்த்தால், பார்க்காதவர்போல இருங்கள். உங்கள் பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள். பள்ளியில் போட்டுடைப்பது அவர்கள்தான். ஒரே வகுப்பில் படிக்கும் இரு பிள்ளைகளுக்கிடையே, எல்லோர் கண்ணிலும் பட்ட உடுப்பைக் கைமாற்றவே வேண்டாம்.

ஸ்வெட்டரின் உள்பக்கம் தைத்த பெயரைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். பள்ளிச் சீருடைக்கும் அப்படியே. தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை அரசே ஆண்டுக்கு நாலு செட் சீருடை தருகிறது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் சிறு வகுப்புகளுக்குக் கைத்தறிச் சீருடை கிடைக்கிறது. ஆகவே பழைய சீருடை தேவைப்படுவது பெரும்பாலும் தனியார் பள்ளிப் பெற்றோருக்குத்தான். அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நீங்களே கேட்டுவிடுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்ட பிள்ளைகளின் கறுப்பு உடுப்பு ஒரு தனி ரகம். 41 நாள் மட்டுமே போட்டது, புதிது மாதிரியே இருக்கும். ஆனாலும் விரதத்துக்குப் பிறர் போட்டது ஆகுமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறு. குருசாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள், கேட்டுச் சொல்லட்டும்.

எப்போது அனுப்புவது

மேலே அனுப்புவதானால் மே மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். ஜூன் பிறந்தால் கேரளத்தில் மழை இறங்கிவிடும். நீங்கள் அனுப்பியதைத் துவைத்து அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைப்பார்கள், புகைவாடையோடுதான் பிள்ளை போடும். ஸ்வெட்டர், மங்கிக்குல்லா, முழுக்கால் சட்டை மேலே போகட்டும். கையில்லாத பருத்திச் சட்டையெல்லாம் கீழே வரட்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளால் குமுளிச் சாலை திணறும், அப்போது பஸ்ஸில் பை கொடுத்தனுப்பினால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. தோட்டத்து ஜீப்பில் கொடுத்தனுப்புவதே எளிது. பையின் மேல் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். எல்லோரும் ஒரே ஜவுளிக்கடைப் பையில்தான் கொடுத்தனுப்புகிறார்கள்.